மழுங்கத் தொடங்கிய சவரக்கத்தி: வாரா, பச்சைப் பேஸ்ட்டா, கல்லா?

கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போன கத்தி, தாடை முனைக்கு வந்ததும் முடியைப் பிடித்து இழுக்கிறது. மேலுதட்டில் வைத்தால் கண்ணில் நீர் கோக்கிறது. மடக்குச் சவரக்கத்தி வைத்திருக்கும் எவருக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வரும். கத்தி செத்துவிடவில்லை, வாய் மழுங்க ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். 1000 எண் கல்லிலிருந்து (எண் கூடக்கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்) தொடங்கி முழுசாகத் தீட்ட வேண்டிய அவசியம் இல்லை. கடைசிப் படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

அந்தக் கடைசிப் படியை எதில் செய்வது என்பதில்தான் குழப்பம். வெறும் தோல்வார், பேஸ்ட் தடவிய வார் அல்லது கட்டை, 12,000 எண் கல், பெல்ஜியத்து மஞ்சள் கல், 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் கொண்ட மெருகுத் தாள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே வேலை செய்யும், ஆனால் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. எந்தக் குறைக்கு எது என்று பார்க்காமல் பொருளை வாங்குவதால்தான் பலர் வீட்டில் கல் மேல் கல்லாகச் சேர்ந்துகிடக்கிறது.

இங்கே பேசுவது தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் அசல் கத்தியைப் பற்றி. சலூன்களில் இப்போது பெரும்பாலும் இருப்பது பாதி பிளேடு செருகும் கத்தி. அதைத் தீட்டுவதில்லை, பிளேடை மாற்றுகிறார்கள்.

முதலில் வாயைப் பாருங்கள்

கத்தியை வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, ஒற்றை பல்புக்கு அடியில் நின்று, நேர் மேலிருந்து பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அதற்கு அகலம் இல்லை. எங்கேயாவது வெள்ளைப் புள்ளியோ மெல்லிய வெள்ளைக் கோடோ தெரிந்தால் அந்த இடம் மழுங்கிவிட்டது என்று பொருள். நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். பொடிப்பொடியான உடைசல்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் 60 மடங்கு வேண்டும்.

அடுத்தது முழங்கை முடி. தோலிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் கத்தியை மெதுவாக ஓட்ட, முடியின் நுனிகள் சத்தமில்லாமல் விழ வேண்டும். அடிப்பக்கம், நடு, நுனி என மூன்று இடத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மழுங்கல் பெரும்பாலும் ஒரே சீராக வராது. நுனிப்பக்கம்தான் தாடையிலும் மூக்கடியிலும் உழைக்கிறது, அதனால் அதுதான் முதலில் போகும்.

'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா' என்று நன்றி கெட்டவனைப் பார்த்துக் கேட்பது வழக்கம். கத்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கட்டைவிரல் நகத்தில் கூர் பார்க்காதீர்கள். நகம் முரடு, நல்ல வாயை அந்த ஒரு சோதனையே கெடுத்துவிடும். கல்லில் ஆரம்பக் கட்டத்தில் செய்கிற சோதனை அது, கடைசிக் கட்டத்துக்கு ஒத்துவராது.

வெறுங்கண்ணால் பார்க்கும்படி உடைசல் இருந்தால், கத்தி கீழே விழுந்து நுனி சிதறியிருந்தால், வாய் உள்நோக்கி வளைந்த பிறை போலத் தேய்ந்திருந்தால், இந்தக் கட்டுரையில் வரும் எதுவும் உதவாது. அது 1000 எண் கல்லில் வாய்ச்சரிவை, அதாவது வாயில் வந்து சேரும் இரண்டு பக்கச் சரிவையும், புதிதாக எடுக்கும் வேலை.

தாடி முடி இரும்பை எப்படி மழுக்குகிறது

முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினம். ஆனாலும் மழுங்குகிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உலோகவியல் ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சாதாரண பிளேடால் முடியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, வாய் சீராகத் தேய்ந்து உருண்டதைவிட, சின்னச் சின்னத் துண்டுகளாகப் பெயர்ந்தது தெரிந்தது. முடி வளைந்து, வாய்க்குச் சாய்வாக அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பில் கடினமும் மென்மையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் விரிசல் பிறந்து சில்லு பெயர்கிறது.

நம் தீர்மானத்துக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று. பெயர்ந்த சில்லைத் தோல்வார் திருப்பி ஒட்டவைக்காது. வளைந்த வாயை நிமிர்த்தும், மெருகேற்றும். சில்லு பெயர்ந்த பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் இரும்பை எடுத்தால்தான் வாய் மறுபடி நேர்கோடாகும். அதற்கு அராவுகிற பொருள் ஏதாவது வேண்டும். பேஸ்ட், கல், தாள் மூன்றும் அந்த வகை.

கத்தி துருப்பிடித்தும் மழுங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோரக் காற்றில் கார்பன் எஃகுக் கத்தியைக் குளியலறையில் வைத்தால், சவரமே செய்யாத இரண்டு வாரத்தில்கூட வாயில் கண்ணுக்குத் தெரியாத துரு அரித்திருக்கும். அப்படிக் கெட்ட வாய்க்குத் தோல்வார் ஒன்றும் செய்யாது.

கோணத்தைத் தீர்மானிப்பது முதுகு

சமையல் கத்தியைத் தீட்டும்போது கை கோணத்தைப் பிடித்துவைக்கிறது. சவரக்கத்தியில் அந்தத் தொல்லை இல்லை. முதுகும் வாயும் ஒன்றாகப் படுத்தால் கோணம் தானாக வந்துவிடும். 5/8 அங்குலக் கத்தியில், அதாவது 16 மி.மீ. அகலத்தில், முதுகு 4.5 மி.மீ. தடிப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்த கோணம் 16 டிகிரிக்குச் சற்று மேல். முதுகை ஒரு நொடிகூடத் தூக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முதுகு தேயாமலிருக்கச் சிலர் மின்சார டேப் ஒட்டித் தீட்டுவார்கள். ஓர் அடுக்கு டேப் 0.15 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.3 மி.மீ. கூடுகிறது, கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறுகிறது. ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. போனமுறை டேப்போடு தீட்டிய கத்தியை இந்தமுறை டேப் இல்லாமல் கல்லில் வைத்தால், கல் சரிவின் தோளில்தான் படும், வாய்க்கு எட்டாது. நூறு நடை (ஒரு தடவை போய் ஒரு தடவை வருவது ஒரு நடை) போனாலும் கத்தி அப்படியே இருக்கும், கல்மேல் பழி விழும். தலைகீழாக, டேப் இல்லாமல் தீட்டிய கத்திக்கு இப்போது ஓர் அடுக்கு ஒட்டினால் வாயின் விளிம்பு மட்டும் கல்லில் படும். ஐந்தாறு நடையிலேயே கூர் வந்துவிடும், ஆனால் அடுத்தமுறையும் டேப் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

எது என்று தெரியாவிட்டால் கறுப்பு மார்க்கர் பேனாவால் வாய்ச்சரிவு முழுக்கப் பூசி, கல்லில் இரண்டு நடை போய்ப் பாருங்கள். வாய் ஓரத்தில் மை அழிந்திருந்தால் சரி. பின்னால் மட்டும் அழிந்திருந்தால் டேப் வேண்டும். இரண்டு நிமிட வேலை, இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெறும் வார்: செலவில்லாத முதல் முயற்சி

எதையும் வாங்கும் முன் வாரை ஒருமுறை ஒழுங்காகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிவிட்டது என்று வருகிற கத்திகளில் கணிசமானவை உண்மையில் வாரில் கெட்டவை.

வாரின் கித்தான் பக்கத்தில் 25 நடை, தோலில் 60 நடை. கொக்கியில் மாட்டிய வாரை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி மேலேறி அதை உருட்டிவிடும். முதுகு முன்னே போக வாய் பின்னே இழுபடும். முனையில் திருப்பும்போது முதுகு தோலைவிட்டு எழாமல், முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும். பிடி கைப்பிடியில் அல்ல, அதற்கும் வாய்க்கும் நடுவிலுள்ள காம்பில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. அழுத்தம் என்று தனியாக ஒன்று வேண்டாம். தோலை உரசும் சத்தம் சீராகக் கேட்டால் போதும்.

கெடுவது பெரும்பாலும் வேகத்தால். படத்தில் பார்த்த நாவிதர் மாதிரி சடசடவென்று அடிக்க ஆசைப்பட்டு, திருப்பும் இடத்தில் வாய் தோலில் இறங்கும். தோலில் அரைவட்ட வெட்டு விழும், கத்தியிலும் அந்த இடம் போகும். வெட்டு ஆழமில்லையென்றால் 600 எண் உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துச் சமன்செய்யலாம்.

இப்படி 60 நடை போனபின் சவரம் சரியாகிவிட்டால் கத்திக்கு ஒன்றும் வேண்டியதில்லை. ஒன்றிரண்டு சவரத்தில் திரும்ப இழுக்க ஆரம்பித்தால், வார் அதன் வேலையைச் செய்துவிட்டது, இனி அராவ வேண்டும் என்று பொருள்.

அதற்கு முன் ஒரு இடைவழி உண்டு. செய்தித்தாளின் முழுத்தாள் ஒன்றை நீளவாக்கில் மடித்துச் சமதளக் கல்மேல் விரித்து, வாரில் போவதுபோல 30 நடை. அச்சு மையில் கரித்தூள் இருக்கிறது, அது மிக நுண்ணிய அராவுபொருள். பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் ஒரு வாரம் தள்ளிப்போட உதவும். வழுவழுப்பான வண்ண இணைப்புத் தாள் வேண்டாம்.

பேஸ்ட்: வேகமானது, ஆனால் கடன்

பச்சையாக இருப்பது குரோமியம் ஆக்சைடு. சவரக்கத்திக்கென்று விற்கும் நல்ல சரக்கு 0.5 மைக்ரான். சிவப்பு இரும்பு ஆக்சைடு அதைவிட மென்மை. வைரத் தூள் 0.5, 0.25, 0.1 மைக்ரான் அளவுகளில் தெளிப்பானாகவோ பசையாகவோ கிடைக்கும். மூன்றிலும் வைரம்தான் வேகம், ஆனால் வாய் கொஞ்சம் கரகரப்பாக வரும். 0.25 வைரத்தில் முடித்த கத்தி முடியை அற்புதமாக வெட்டும், தோலையும் சேர்த்துச் சுரண்டும். குரோமியம் ஆக்சைடு சற்று மெதுவு, முகத்துக்கு இதம். மென்மையான தோல் உள்ளவர்கள் பச்சையோடு நிற்பது நல்லது.

ஹார்டுவேர் கடையில் பாலீஷ் போடுவதற்காக விற்கும் பச்சைக் கட்டியை வாங்கிவந்து தடவுவது ரொம்பச் சாதாரணமான தவறு. நிறம் பச்சையாக இருப்பதாலேயே அது 0.5 மைக்ரான் ஆகிவிடாது. பல கட்டிகளில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், துகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். சமையல் கத்திக்குப் போதும். சவரக்கத்தியில் ஒரு பெரிய துகள் போதும், வாய் முழுக்கக் கீறல்.

பேஸ்ட்டை எதில் தடவுகிறோம் என்பது பேஸ்ட்டைவிட முக்கியம். தினமும் பயன்படுத்தும் தோல்வாரில் தடவவே கூடாது, ஒருமுறை தடவினால் அந்தத் தோல் மறுபடி வெறும் தோலாக ஆகாது. தொங்கும் தனி வாரில் தடவலாம், ஆனால் தோல் அமுங்கி, கத்தி கடந்தபின் மேலெழும்பும். எழும்பும் இடம் சரியாக வாயின் விளிம்பு. அங்கே மட்டும் கோணம் கூடி, சரிவு தட்டையாக இல்லாமல் மெல்லிய உருண்டையாகும். முதல் இரண்டு முறை இதன் விளைவு தெரியாது, கத்தி வழுக்கிக்கொண்டுதான் போகும். நான்கைந்து தடவை பேஸ்ட்டிலேயே ஓட்டியபின் அதே 15 நடை பலன் தராமல் போகும். கடைசியில் கல்லுக்குப் போகும்போது, பத்து நடையில் முடிய வேண்டியது ஐம்பது நடை ஆகும், அந்த உருண்டையைத் தட்டையாக்கிவிட்டுத்தானே கல் வாயைத் தொட முடியும்? அதனால்தான் கடன் என்றது. பேஸ்ட் மிச்சப்படுத்திய இரும்பைப் பிறகு கல் எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கடனின் வட்டியைக் குறைக்க ஒரு வழி, தோலுக்குப் பதில் பால்சா மரம். மாதிரி விமானம் செய்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 3 அங்குல அகலம், 12 அங்குல நீளப் பலகையைக் கண்ணாடியிலோ கிரானைட் துண்டிலோ ஒட்டி, 320 எண் உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து அதன்மேல் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு எல்லாக் கோடும் சமமாக அழியும்வரை. தூளாக வாங்கிய குரோமியம் ஆக்சைடு என்றால் சிட்டிகை அளவு எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, விரலால் மரத்துக்குள் அழுத்தித் தேய்த்து, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்குப் பிடிக்கும். பலகை வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். கரும்பச்சையாக மொத்தையாக நின்றால் வாய் அதில் உழும், கூர் வராது.

பலகை மேசையில் படுத்திருக்க, முதுகு முன்னே போகும்படி 10 முதல் 15 நடை. வைரம் 0.25 என்றால் 6 அல்லது 8 போதும். கத்தியின் எடைக்குமேல் ஒன்றும் கொடுக்காதீர்கள். பிறகு கத்தியைத் துணியால் நன்றாகத் துடைத்து, துகள் ஒன்றும் இல்லை என்று உறுதியானபின் வெறும் தோலில் 50 நடை.

கட்டையில் பொடி தூவித் தீட்டுவது நம்மூருக்குப் புதிதும் அல்ல. பாளை சீவுகிறவர்கள் அரிவாளைக் கட்டையில் கல்பொடி தூவித்தான் பதம் ஏற்றினார்கள். துகளின் அளவு வேறு, சூத்திரம் அதே.

கல்: கணக்குத் தீர்க்கும் இடம்

கல்லில் கத்தி அமுங்குவதில்லை, சரிவு தட்டையாகவே இருக்கிறது. அதனால் ஒரே கத்தியை இருபது வருடம் கல்லாலேயே புதுப்பிக்கலாம், வடிவம் மாறாது.

செயற்கைக் கல்லில் சவரக்கத்திக்காரர்கள் அதிகம் வைத்திருப்பது நனிவா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 12,000 எண் கல். ஷாப்டன் என்ற இன்னொரு நிறுவனத்தின் கண்ணாடிக்கல் வரிசையில் 16,000 எண் என்றால் துகள் 0.92 மைக்ரான், 30,000 என்றால் 0.49. ஆக, 30,000 எண் கல்லும் 0.5 மைக்ரான் பேஸ்ட்டும் காகிதத்தில் ஒன்றுதான். முகத்தில் ஒன்றல்ல. கல்லில் துகள் நிலையாகப் பதிந்து நிற்கிறது, பேஸ்ட்டில் உருண்டு புரள்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 30,000 வெறும் ஆசை. 12,000 எண்ணோடு நின்று, மீதியைத் தோலில் பார்த்துக்கொள்ளலாம். 8,000 மட்டும் இருந்தால்? சவரம் ஆகும், வசதியாக இருக்காது. 8,000 எண்ணுக்குப் பிறகு பச்சைப் பலகையில் பத்து நடை சேர்த்தால் நிறையப் பேருக்கு அதுவே போதும்.

கல்லைத் தட்டையாக்காமல் கத்தியை வைக்காதீர்கள். 400 எண் வைரத்தகடு, அல்லது கண்ணாடிமேல் ஒட்டிய நனைத்த உப்புத்தாள். பென்சில் கட்டம் இங்கேயும் உண்டு. ஓரங்களை லேசாக மழுக்கிவிடுங்கள், கூரான கல் ஓரத்தில் வாய் பட்டால் அந்த இடத்தில் சில்லு. மேலே தண்ணீர் தெளித்தால் போதும், நனிவா 12,000 ஊறவைக்கிற கல் அல்ல.

இப்போது வாய் முன்னே, முதுகு பின்னே. வாரில் போனதற்கு நேர் எதிர். அடிப்பக்கத்தில் தொடங்கி நுனியில் முடியும்படி சாய்வாக இழுக்க வேண்டும், இரண்டு பக்கமும் சேர்ந்து பார்த்தால் பெருக்கல் குறிபோல் இருக்கும். முதல் ஐந்து நடையில் தண்ணீர் வாய்க்கு முன்னே ஒரே சீராகத் தள்ளப்பட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கேயாவது தண்ணீர் கத்திக்கு அடியில் நழுவினால் அந்த இடம் கல்லைத் தொடவில்லை. வாய் வெளிநோக்கி வளைந்த கத்தி என்றால் மணிக்கட்டை லேசாக உருட்டிப் போக வேண்டும். 10 முதல் 15 நடைக்குள் கத்தி கல்லில் ஒட்டிக்கொள்வதுபோல ஓர் இழுவை தெரியும். சரிவும் கல்லும் முழுசாகப் பொருந்திவிட்டதன் அடையாளம் அது, நிறுத்த வேண்டிய இடமும் அதுதான்.

அங்கே நிறுத்தாமல் இன்னும் ஐம்பது நடை, கொஞ்சம் அழுத்தத்தோடு போனால் வாய் தகடுபோல் மெலிந்து ஓரத்தில் நூல்நூலாகத் தொங்கும். இதன் அடையாளம் விசித்திரமானது: முழங்கை முடியை அபாரமாக வெட்டும், முகத்தில் பாதிச் சவரத்தில் செத்துவிடும். சரிசெய்ய, அதே கல்லில் முதுகு முன்னே போகும்படி ஐந்து நடை, பிறகு வழக்கமான திசையில் எடையே இல்லாமல் ஐந்து நடை.

இயற்கைக் கற்கள் வேறு உலகம். பெல்ஜியத்தின் ஆர்டென்ஸ் மலைப்பகுதியில் வியல்சாம் பக்கம் எடுக்கும் மஞ்சள் கோட்டிக்யூல் கல்லில் அராவுவது கார்னெட் என்ற கனிம மணிகள். அவற்றின் அளவு 5 முதல் 15 மைக்ரான் என்றால் முரட்டுக் கல் என்று தோன்றும். ஆனால் அந்த மணிகள் உருண்டை வடிவை நெருங்கிய பலமுகங்கள், கல்லில் பாதி புதைந்தே இருப்பதால் மேலோட்டமாகத்தான் கீறும். சின்னத் துண்டுக் கல்லால் தேய்த்துப் பால் (கல்பொடி கலந்த நீர்) எடுத்தால் வேகமாக அராவும், ஆனால் அந்தப் பாலில் மிதக்கும் மணிகள் வாயில் மோதி விளிம்பைக் கொஞ்சம் மழுக்கவும் செய்யும். ஆகவே மழுங்கத் தொடங்கிய கத்திக்குப் பால் வேண்டாம். கல்லைக் கழுவி, வெறும் தண்ணீரில் 30 முதல் 50 நடை. வரும் வாய் 12,000 எண்ணை விடக் கூர் குறைவு, தோலுக்கு இதம் அதிகம். ஜெர்மனியின் துரிங்கியா கற்கள் இப்போது பழைய சரக்காகத்தான் கைமாறுகின்றன. கியோட்டோ பக்கத்து ஜப்பானியக் கற்களில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரே ஒரு கத்தி வைத்திருப்பவர் இவற்றின் பின்னால் போவது, குடைக்கு மழை தேடுவது போல.

பழைய பொருள் சந்தையில் உள்ளங்கை அளவில் வழுவழுப்பான சின்னக் கல் கிடைத்தால், அது நாவிதர் கல்லாக இருக்கலாம். ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கத்தியைப் புதுப்பிக்கச் செய்தது. ஸ்லோவேனியாவின் மாரிபோரில் செய்த ஸ்வாட்டி கற்கள் அவற்றில் பேர்போனவை. சவர நுரையைத் தடவி 3 முதல் 5 நடை, அதற்குமேல் கூடாது. பலர் கெடுத்தது அந்த ஆறாவது நடையில்தான்.

1 மைக்ரான் தாள்: சிக்கனக்காரரின் கல்

ஒளியிழைக் கேபிள் முனைகளை மெருகேற்றப் பயன்படும் அலுமினியம் ஆக்சைடு பிலிம் தாள் இது. பெரிய தாளாக வாங்கி 3 அங்குல அகலத்தில் வெட்டிக்கொள்ளலாம். தளம் 10 மி.மீ. கண்ணாடி, அல்லது கிரானைட் கடையில் மீந்துகிடக்கும் மெருகேற்றிய துண்டு. தளத்தில் தண்ணீர் விட்டுத் தாளைப் போட்டு, உள்ளே காற்றோ மணலோ இல்லாமல் ஸ்கேல் விளிம்பால் வழித்துவிட்டால் தானே ஒட்டிக்கொள்ளும். ஒரு மணல் துகள் அடியில் சிக்கினால் அந்த மேட்டில் வாய் இடறும், தாள் கிழியும், வாயில் பல் விழும். தாளின் தொல்லை முழுக்க இந்த ஒன்றுதான்.

கல்போலவே வாய் முன்னே, மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர், 15 முதல் 20 நடை. வாய் கரகரப்பாக வருகிறது என்று தோன்றினால் தாளுக்கு அடியில் ஈரமான சாதாரணக் காகிதம் ஒன்றை வையுங்கள், சற்று மென்மையாகும். தட்டையாக்கும் வேலையே இல்லை, தாள் தேய்ந்தால் தூக்கிப் போடலாம். கல்லுக்குக் கொடுக்கும் பணத்தில் சின்னப் பங்குதான் ஆகும். மூன்றுக்கு மேற்பட்ட கத்திகளை அடிக்கடி தீட்டுபவருக்கு மட்டும் இது கட்டாது.

சாணைக்காரரிடம் கொடுக்கலாமா

கொடுக்கவே கூடாது. சாணைச் சக்கரத்தில் அரிவாள்மனையும் அரிவாளும் பிழைக்கும். சவரக்கத்தியின் வாய் காகிதம் போன்றது, சக்கரம் தொட்ட நொடியில் சூடேறும். எஃகின் பதம் 200 டிகிரிக்கு மேல் இறங்கத் தொடங்கும், வைக்கோல் நிறமோ நீலமோ ஓடினால் அந்த இடம் இனி கூர் தாங்காது. கல்லில் கையால் தீட்டத் தெரிந்தவர் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். என்னென்ன கல்லில் முடிப்பார், டேப் ஒட்டுவாரா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை நீங்களே செய்யும்போது அந்த டேப் கணக்கு தேவைப்படும்.

யாருக்கு எது

ஒரே கத்தி, வாரத்துக்கு மூன்று நான்கு சவரம் என்றால் நல்ல வாரும் 1 மைக்ரான் தாளும். பேஸ்ட் தேவையே இல்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 15 நடை, வருடம் ஓடிவிடும்.

இரண்டு மூன்று கத்திகளைச் சுழற்றிப் பயன்படுத்துபவர், தொடர்ந்து இதில் இருக்கப்போகிறவர் என்றால் 12,000 கல். விலை வலிக்கும், ஆனால் ஒருமுறைதான்.

கல்லில் கை நிற்கவில்லை, நடுங்குகிறது, வீட்டில் தண்ணீர் வைத்துத் தீட்ட இடமில்லை என்பவருக்குப் பச்சைப் பலகை. நான்கு முறைக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் கல்லுக்கு அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தி வைத்திருந்தால் எல்லாவற்றிலும் நடையை ஒன்றரை மடங்காக்குங்கள், அந்த எஃகு தீட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் இணங்காது. பச்சையைவிட வைரம் அதற்குப் பொருத்தம்.

எதில் தீட்டினாலும் முதல் சவரத்தைக் கன்னத்தில், முடி வளரும் திசையில் தொடங்குங்கள். கன்னம் எரிந்தால் வாய் கரகரப்பாக இருக்கிறது, தோல்வாரில் இன்னும் 30 நடை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். கன்னம் சுகமாக இருந்து தாடை இழுத்தால் வாய்க்குக் கல் எட்டவில்லை, மார்க்கரை எடுங்கள். சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, கித்தானில் பத்து நடை போய் ஈரத்தை எடுத்து, வாயில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள்.